சோப்பு கம்பெனி கேட்ட கோல்

தொண்ணூற்றாறில் சாக்கோட்டைக் கால்பந்து இறுதிப் போட்டியை ஒரு சோப்பு கம்பெனி எடுத்து நடத்தியது. கடைசி நிமிடத்தில் எங்கள் ஊர்ச் செம்மலை கோல் போட்டான். கீழச்சிவல்பட்டி கோல் கீப்பர் சகாய ஆண்டனி பாய்ந்தும் விரல் எட்டவில்லை. பதினோரு வருடம் கழித்துக் கோப்பை எங்களுக்கு! செம்மலையின் அம்மா அக்கம்மாள் அழுதேவிட்டாள்.

அவளுக்குப் பக்கத்திலேயே ஆண்டனியின் அம்மா யூஜினியா இருந்தாள். கோல் கம்பத்துக்குப் பின்னால் இரண்டு ஊர்ப் பெண்களும் கலந்து உட்காருவதுதான் எங்கள் வழக்கம்.

“ஏடி, பந்தப் புடிக்கச் சொன்னா ஒம் மகென் காத்தப் புடிக்கிறான்?” என்று கண்ணைத் துடைத்தபடி கேட்டாள் அக்கம்மாள்.

“போதும் மதினி, ரொம்பத்தான் பேசுறீக. ஒங்க மகனுக்கு வருசத்துக்கு ஒருக்காத்தான் கால் நேராப் போகும்.”

சிரித்தாலும் யூஜினியாவின் கண் மகன்மேல்தான் இருந்தது. அவன் தரையை விட்டு எழவில்லை.

அப்போது கம்பெனிக்காரர் மைக்கைப் பிடித்தார். வீடியோக்காரர் சோப்பு பேனரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது கோல் விழுந்துவிட்டதாம். கேபிளில் விளம்பரம் வரவேண்டுமாம்.

“எல்லாரும் அப்படியே உட்காருங்க. அந்த கோலை இன்னொரு தடவை போடுவோம்!”

கண்ணுகளா, நீங்களே சொல்லுங்கள். விழுந்த கோலை மறுபடி விழவைப்பதா?

ஆளுக்கொரு தொப்பி என்றதும் சனம் உட்கார்ந்துவிட்டது. நானும்தான். தோற்ற ஊர்க்காரர்களுக்கும் தொப்பி மாட்டி, எங்களோடு சேர்ந்து கத்தச் சொன்னார்கள்.

“பந்தை விட்டுடு தம்பி,” என்றார் கம்பெனிக்காரர்.

“ஒரு தடவ விட்டது பத்தாதா சார்?” என்றான் ஆண்டனி.

செம்மலை உதைத்தான். பழக்கதோஷம், ஆண்டனி பிடித்துவிட்டான். மறுபடியும் பிடித்தான். கம்பெனிக்காரர் கத்தினார். மூன்றாவது முறை ஆண்டனி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். பந்து உள்ளே போனது. நாங்கள் கூவினோம்.

வீடியோக்காரர் அக்கம்மாளிடம் ஓடிவந்தார். “அப்ப அழுதீங்களேம்மா, இப்பவும் அழுங்க!”

“அப்ப வந்துச்சு. இப்ப வரலையே, நான் என்னய்யா செய்ய?”

பக்கத்தில் யூஜினியா குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். அவர் காமிராவை அவள் பக்கம் திருப்பினார்.

“ஆகா, இவங்கதான் சரி! கோல் போட்ட பையனோட அம்மான்னு போட்டுக்கலாம்!”

தொப்பி போட்ட நாங்கள் உட்கார்ந்தே இருந்தோம். அக்கம்மாள் எழுந்தாள். முந்தானையை விரித்து யூஜினியாவின் முகத்தை மூடி, அணைத்துக்கொண்டாள்.

“அங்குட்டுத் திருப்புய்யா அத!”

“நகருங்கம்மா, வெளிச்சம் போகுது.”

அவள் நகரவில்லை. வெளிச்சம் போகும்வரை நகரவில்லை.