பி.ஏ.வுக்குப் பிறகு பி.எஸ்ஸி.

1934 மே மாதம், சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. கிள்ளானிலிருந்து சரக்கு வண்டியை ஓட்டிவந்த கபிரியேல் பிரிக்பீல்ட்ஸ் லோக்கோ ஷெட்டில் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கழுத்துக் கரியைத் துடைத்தார். பயர்மேன் தம்புசாமி கரி அள்ளிப்போடும் ஷவலைச் சாய்த்துவிட்டுக் கேட்டான்.

"அண்ணே, பாப்பா சென்னைக்குப் போயி என்னா படிக்கப் போவுது?"

"மொதல்ல பி.ஏ. அத முடிச்சிட்டு பி.எஸ்ஸி."

"ரெண்டா!"

"பின்ன? ஒரேயடியா உச்சியில ஏற முடியுமா?"

தம்புசாமி அடுத்த எஞ்சினுக்குக் கத்திச் சொன்னான். அங்கிருந்தவன் விசிலை இழுத்து மரியாதை செய்தான். ஷெட்டே சிரித்தது. கபிரியேல் சிரிக்காமல் தொப்பியை நேராக்கிக்கொண்டார்.

மகளின் பள்ளியிறுதி சீனியர் கேம்பிரிட்ஜ் முடிவு வந்த நாளிலிருந்து அவர் இதைத்தான் சொல்லிவந்தார். அவர் பாய்லர் கழுவியவர். பிறகு பயர்மேன், பிறகு யார்டுக்குள் வண்டி கோக்கும் ஷண்டர், பிறகு டிரைவர். ஒவ்வொன்றும் முந்தியதற்கு மேலே இருந்தது. பட்டங்களையும் அப்படியே அடுக்கியிருந்தார். திருத்த ஷெட்டில் ஆளில்லை. கல்லூரிக்கென்று கடல் தாண்டும் பெண்ணை அந்த வரிசை வீடுகள் அதுவரை பார்த்ததில்லை.

வீட்டில் மனைவி மகதலேனா கோப்பி ஊற்றி வைத்திருந்தாள். மகள் சாந்தமேரி துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கெழம கோயில் சாமியார் காலேஜுக்குத் தந்தி குடுக்குறாருப்பா. எந்தப் பிரிவுன்னு சொல்லணும்."

"பி.ஏ.வுக்கு எதுவோ அது."

"எனக்கு சயன்ஸ் வேணும்ப்பா."

"யாரு வேணாம்னா? பி.ஏ.வ முடி. அப்புறம் பி.எஸ்ஸி. ஏறிக்க."

அவள் கையிலிருந்த பாவாடையைக் கீழே வைத்தாள்.

"ஏற முடியாதுப்பா. அது மேல இல்ல. பக்கத்துல இருக்கு."

"யாரு சொன்னா?"

"ஸ்கூல் சிஸ்டர். மொத ரெண்டு வருஷம் இண்டர்மீடியட். அங்கியே பிரிஞ்சிடும். நான் சரித்திரம் எடுத்தா பி.ஏ., ரசாயனம் எடுத்தா பி.எஸ்ஸி. அப்புறம் மாறணும்னா திரும்ப மொத வருஷத்துக்கே வரணும்."

"பயர்மேன் ஆவாம எவன் டிரைவர் ஆனான்?"

"இது அப்படி இல்லப்பா."

மகதலேனா நடுவில் வந்தாள். "பி.ஏ.ன்னா டீச்சர் வேல. மத்ததுக்கு என்னா வேல?"

"தெரியலம்மா."

"தெரியாததுக்கா கப்பல் ஏறுற?"

"எனக்குப் புடிச்சது அதான். பி.ஏ.ன்னா நான் போவல."

குரல் உயரவில்லை. பெட்டியின் மூடியை மட்டும் சாத்தினாள்.

கபிரியேல் கோப்பியை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். வேலிக்கு அப்பால் தண்டவாளங்கள் வெயிலில் கிடந்தன. ஒன்று கிள்ளானுக்கு, ஒன்று சிரம்பானுக்கு. எது மேல், எது கீழ் என்று யாரும் கேட்டதில்லை. கிள்ளானுக்குப் போய்விட்டவன் சிரம்பானுக்குப் போக வேண்டுமானால் இங்கே திரும்பி வந்தாக வேண்டும். எத்தனையோ வருடம் தன் கையால் செய்த காரியம். காது மடல் சுட்டது. ஷெட் முழுக்கச் சொல்லியாயிற்று. விசில் வேறு அடித்தார்கள். மகள் சரித்திரம் எடுத்தால் சொன்னதில் பாதியாவது நிற்கும்.

கோப்பி ஆறிப்போனது.

மறுநாள் பூசை முடிந்து எல்லாரும் கோயில் முற்றத்தில் நின்றார்கள். ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் தலைமைக் கிராணியான ஸ்டானிஸ்லாஸ், வெள்ளைக் கோட்டுடன், கூட்டத்தின் நடுவே இருந்தார்.

"என்னா கபிரியேல், ரெண்டு பட்டமாமே? ஆபீஸ் வரைக்கும் சேதி வந்திருச்சு. எம்.ஏ.வையும் சேத்துக் கட்டிக் குடுக்கச் சொல்லு."

நாலைந்து பேர் சிரித்தார்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று இல்லை என்பது இவருக்கு முதலிலேயே தெரியும் என்று கபிரியேலுக்குப் புரிந்தது. தெரிந்தும் ஒரு மாதம் பேசவிட்டிருக்கிறார். அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று சாந்தமேரி முக்காட்டுக்குள்ளிருந்து பார்த்தாள்.

கபிரியேல் எஞ்சின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரலில் சொன்னார்.

"ஒன்னுதாண்ணே. நான் தெரியாம சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ரெண்டும் வேற வேற லைனு. எம்மவ பி.எஸ்ஸி."

சிரிப்பு நின்றது.

"பொம்பளப் புள்ளைக்கு பி.ஏ. போதாதா? பி.எஸ்ஸி.ய வச்சிக்கிட்டு இங்க வந்து என்னா செய்யும்?" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"வந்து சொல்லுவா." கோயில் படியில் நின்ற சாமியார் பக்கம் திரும்பினார். "சாமி, நாளைக்கு சயன்ஸுன்னே தந்தி குடுத்துருங்க."

சாமியார் தலையசைத்தார்.

வீட்டுக்கு நடந்தார்கள். மகதலேனா விறுவிறுவென்று முன்னால் போனாள். மூலை வீட்டு நல்லம்மாள் வேலியோரம் நின்று, "மேரி பி.ஏ.வுக்குத்தானே போவுது?" என்றாள்.

"பி.எஸ்ஸி." மகதலேனா நிற்கவில்லை.

பின்னால் வந்த கபிரியேல் அதைக் கேட்டார். நடை கொஞ்சம் மெதுவானது. மகள் பக்கத்தில் வந்தாள். ஒரு வண்டி கடந்து போனது. பிறகு, வேறு யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல, அவர் குனிந்து கேட்டார்.

"பாய்லருக்குள்ள வெள்ளையா ஓடு மாதிரி கட்டும்மா. உளி வச்சுச் செதுக்கித்தான் எடுப்போம். அது எங்கேருந்து வருதுன்னு எந்தத் தொரையும் எங்களுக்குச் சொன்னதில்ல. உன் படிப்புல அது வருமா?"