சிவப்புக் கோடும் ஒரு வாளித் தண்ணீரும்

அறுபத்தேழு! மறுபடியும் அதே அறுபத்தேழு! கெமிஸ்டம்மா முடிவுத்தாளை மேசையில் ஓங்கி அடித்தாள்.

பிஸ்கட்டில் சேர்க்கும் வாழைப்பழ எசன்ஸ் காய்ச்சும் கூடம் அது. கொப்பரையில் ஊற்றிய ஆசிடில் நூற்றுக்கு அறுபத்தேழு பங்குதான் எசன்ஸாக மாறுகிறது. அதற்குமேல் ஒரு சொட்டு நகர மாட்டேன் என்கிறது. மூன்று தடவை பார்க்கலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். இரண்டு தடவை மண்ணைக் கவ்வியாயிற்று. இப்போது கொதிப்பது மூன்றாவது. இதுவும் நின்றுபோனால் கொப்பரையை விற்றுவிட்டு, அவளையும் கொப்பரையைக் கவனிக்கும் ஆபரேட்டர் அண்ணனையும் அட்டைப்பெட்டி ஒட்ட அனுப்பிவிடுவார். படித்த படிப்புக்கு அட்டைப்பெட்டி!

"இன்னும் நாலு மணி நேரம் கொதிக்க விடேம்மா. சூட்டைக் கூட்டு" என்றார் முதலாளி, நூறாவது தடவையாக.

"ஐயோ சார், இது வேகுற சமாச்சாரம் இல்ல! ஆசிடும் ஆல்கஹாலும் சேர்ந்தா எசன்ஸும் தண்ணியும் வருது. அதே நேரத்துல எசன்ஸும் தண்ணியும் சேர்ந்து பழையபடி ஆசிடும் ஆல்கஹாலுமா திரும்புது. போறதும் வர்றதும் ஒரே வேகத்துக்கு வந்துட்டா, நாலு வருஷம் கொதிச்சாலும் அளவு மாறாது. சூடு கூட்டினா அந்த இடத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேரும், அவ்வளவுதான்."

"அப்ப என்னதான் வழி?"

"தண்ணிய வெளியே எடுக்கணும். தண்ணி இல்லேன்னா எசன்ஸ் எதோட சேர்ந்து திரும்பும்? அதுக்குத்தான் அந்தக் கண்ணாடிக் குடுவைய மாட்டச் சொன்னேன்."

"மாட்டிக் குடுத்தேனே! அப்புறமும் அறுபத்தேழுதானே?"

எரிச்சல் தலைக்கேற, ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுக் கொப்பரை எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாம் சரியாகவே நடந்தது. ஆவி மேலேறிக் குளிர்ந்து குடுவையில் விழுந்தது. தண்ணீர் அடியில் தங்க, மேலே மிதந்தது கொப்பரைக்கே திரும்பியது. ஆபரேட்டர் அண்ணன் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வாளியில் பிடித்தார். வாளியோடு ஏணியில் ஏறினார். கொப்பரையின் மேல்புனலில் நிதானமாக, சிந்தாமல், அந்தத் தண்ணீரைத் திரும்ப ஊற்ற ஆரம்பித்தார்.

"அண்ணே! என்ன அநியாயம் பண்றீங்க!"

"அளவு இறங்குதும்மா" என்றார் அவர் சாவகாசமாக. "அங்க பாருங்க."

சுவரில் ஒரு காகிதம். 'கொப்பரையில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே அளவு இறங்கவே கூடாது.' கீழே மூன்று அடிக்கோடு. எல்லாம் அவள் கையெழுத்து. போன வருஷம் அளவு இறங்கிக் கொப்பரைக்குள்ளிருக்கும் சூட்டுக் கம்பி கருகியபோது அவளே ஒட்டியது.

"ரெண்டு தடவையும் இப்படித்தான் ஊத்துனீங்களா?"

"ஒரு சொட்டு விடாம."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணே!"

"கேட்டா என்ன சொல்வீங்க? 'எழுதி ஒட்டியிருக்குல்ல, படிக்கத் தெரியாதா'ம்பீங்க. முதல் மாசம் நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும் அதான் கிடைச்சுது."

அவளுக்குச் சுருக்கென்றது.

கம்பி கருகக் கூடாது என்பதும் உண்மைதான். "தண்ணி வேண்டாம். கோடு வரைக்கும் ஆல்கஹால் ஊத்துங்க. அதுவும் எசன்ஸ் பக்கமாத்தான் தள்ளும்" என்றாள், குரலை முடிந்தவரை இறக்கி.

சாயங்காலம் முடிவு வந்தது. தொண்ணூற்று நான்கு. முதலாளி தாளை இரண்டு தடவை படித்தார்.

"அப்ப முதல் ரெண்டு தடவை யார் தப்பு?" என்று அண்ணனை முறைத்தார்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"என் தப்பு சார். நான் எழுதினத அவர் அப்படியே செஞ்சாரு" என்றாள். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே போனார். கொப்பரையை விற்கும் பேச்சை எடுக்கவில்லை.

அவள் காகிதத்தைச் சுவரிலிருந்து கிழித்தாள். "இனிமே சந்தேகம் வந்தா கேளுங்க அண்ணே."

"கத்த மாட்டீங்களே?"

"கத்தத்தான் செய்வேன்! அப்பவும் கேளுங்க!"