ஆயிரத்தொன்பதாவது விளக்கு

எங்கள் அம்மன் கோயில் திருவிளக்கு பூஜையில் முதல் விளக்கு அம்மனுடையது. சந்நிதியில் தனியாக அல்ல, பெண்களோடு வரிசையிலேயே எரியும். அவளையும் சேர்த்துத்தான் ஆயிரத்தெட்டு. இந்த வருடம் விழாக்குழு அம்மனை மறந்துவிட்டு, ஆயிரத்தெட்டு டோக்கனையும் பெண்களுக்கே கொடுத்துவிட்டது.

கணக்கு டீச்சர் என்பதால் கட்டம் போடும் வேலை என் தலையில். இருபத்தெட்டு வரிசை, வரிசைக்கு முப்பத்தாறு. கயிறு கட்டி, தாம்பூலத் தட்டும் வைத்தாகிவிட்டது. கல்வராயன் மலை பஸ்ஸில் வந்தவர்களும் உட்கார்ந்த பிறகு, ஒருவர் மட்டும் விளக்கும் கையுமாக நின்றார். கருணாபுரத்துப் பெரியம்மாள்.

"எல்லா வரிசையும் சமமா வர்ற மாதிரி மாத்திப் போட்ருங்க டீச்சர்," என்றார் விழாக்குழுத் தலைவர் தீனதயாளன்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். கணக்கென்றால் எனக்கு நாக்கு நிற்காது. "ஆயிரத்தெட்டை மீதியில்லாம வகுக்குற எண்ணு முப்பது இருக்குங்க. ஆயிரத்தொன்பது பகா எண். எதாலயும் வகுபடாது. ஒரே வரிசையா உக்காந்தா உண்டு. இல்லன்னா யாராவது மிஞ்சுவாங்க."

"கோயில்ல அதுக்கு எடம் ஏது? அப்ப ஒருத்தர் போவணும்," என்றவர் பெரியம்மாளிடம் திரும்பினார். "சுமங்கலிங்க உக்கார்ற எடம்மா இது. போன வருஷந்தான உன் வூட்டுக்காரரு தவறுனாரு. டீச்சரே கணக்கு சொல்லிட்டாங்க, பாத்தியா?"

"டோக்கன் குடுக்கறப்ப இதெல்லாம் யாரும் கேக்கலீங்களே," என்றார் பெரியம்மாள். "பொண்ணு ஆஸ்பத்திரில கெடக்குது. அதுக்குத்தான் வேண்டிக்கினு வந்தேன்."

என் கணக்கு அவர் கழுத்தில் போய் விழுந்திருந்தது. நானோ நெற்றி நிறையக் குங்குமத்தோடு என் கட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். கணவர் துபாயில் என்று மூன்று வருடமாக இந்த ஊரில் சொல்லிவருகிறேன். அவர் உளுந்தூர்பேட்டை ரோட்டில் லாரி மோதி இறந்து நாலு வருடம். தனியாக இருப்பவளுக்கு வாடகைக்கு வீடு தரமாட்டார்கள் என்று சொன்ன பொய். அதற்குள்ளேயே குடியிருக்கிறேன், துபாயில் இப்போது மணி என்ன என்றுகூட மனப்பாடம். வீட்டுக்கார அம்மா இரண்டு கட்டம் தள்ளி இருந்தார். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பயந்தான், வேறென்ன.

பெரியம்மாள் தலையைக் குனிந்துகொண்டு வாசல் பக்கம் நடந்தார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

"இருங்கம்மா. தலைவரே, அதான் விதின்னா எனக்கும் அதேதாங்க. என் வீட்டுக்காரர் துபாய்ல இல்ல. செத்து நாலு வருஷம் ஆவுது."

வீட்டுக்கார அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். இனி மாற்றிச் சொல்ல வழியில்லை.

"நாங்க ரெண்டு பேரும் போயிட்டா ஆயிரத்தேழு. பரவால்லீங்களா?"

தீனதயாளன் காலியான என் கட்டத்தைப் பார்த்தார். பூசாரியைப் பார்த்தார். "ஆயிரத்தெட்டுன்னு நோட்டீஸ் அடிச்சாச்சே," என்று முனகினார். உள்ளே மணி அடிக்கத் தொடங்கியிருந்தது. கடைசியில் யார் முகத்தையும் பார்க்காமல், "ஏம்மா, நீயே வந்து உக்காரு," என்றார்.

பெரியம்மாள் என் கட்டத்தில் உட்கார்ந்து திரியைத் தூண்டினார். நான் என் விளக்கை எடுத்துக்கொண்டு கயிற்றைத் தாண்டினேன். வீட்டைக் காலி பண்ணச் சொல்வது இன்றைக்கா, நாளைக்கா, தெரியாது. ஒரே வரிசையில் உட்காரவைக்காதவரை ஆயிரத்தொன்பதில் யாராவது மிஞ்சத்தான் வேண்டும். இந்த முறை நான்.