கண்ணை மூடிக்கொண்டு போட்ட கூச்சல்

கராஜுக்குள் மூச்சு விட்டால் புகையாக வந்தது. ஆனால் மூலையில் நின்ற பழைய ஃப்ரிட்ஜின் கதவில் கை வைத்தால் வெதுவெதுவென்று இருந்தது. எய்விந்த் சட்டென்று கையை எடுத்தான்.

அந்த ஃப்ரிட்ஜ் குளிர்விப்பதை விட்டுப் பல வருஷம் ஆயிற்று. பீர் புளிக்கும் பீப்பாய் அதற்குள் கச்சிதமாக உட்காரும். அடியில் ஒரு சின்ன ஹீட்டர். பீப்பாயில் ஒட்டிய ஒயர் சூட்டை அளக்கும். இருபது டிகிரி வந்ததும் ஹீட்டர் அணைந்துவிடும். இப்போது அந்த ஒயரின் முனை கதவிடுக்கு வழியாக நழுவி, வெளியே சிமென்ட் தரையில் கிடந்தது. நேற்று மாலை சும்மா இருக்க முடியாமல் திறந்து எட்டிப் பார்த்தவன் அவன்தான். ராத்திரி முழுக்க அது கராஜின் குளிரை அளந்து, ஹீட்டரை எரியவிட்டிருக்கிறது.

உள்ளே முப்பத்தெட்டு டிகிரி.

சனிக்கிழமை மகள் சிக்னேயின் கல்யாணம். "பீர் என் பொறுப்பு, கடைச்சரக்கு ஒரு பாட்டில்கூட வராது" என்று பெர்கன் நகரத்துச் சம்பந்திகளிடம் மார்தட்டியிருந்தான். பீரைப் புளிக்கவைக்க அவன் போட்டதோ கடையில் வாங்கிய பாக்கெட் ஈஸ்ட். இந்தச் சூட்டில் அது வார்னிஷ் வாடையைத்தான் கொடுக்கும். சூட்டைத் தாங்கும் ஊர் ஈஸ்ட் பக்கத்து வீட்டு சிவெர்ட்டிடம் ஜாடி ஜாடியாக இருந்தது. ஆனால் பனி தள்ளும் டிராக்டரால் இவன் வீட்டுத் தபால்பெட்டியைச் சாய்த்துவிட்டு, மன்னிப்புக்கூடக் கேட்காதவன் வாசலில் எய்விந்த் போய் நிற்பானா?

காப்பியோடு மனைவி ராக்னா வந்தாள்.

"என்ன, இடி விழுந்த மாதிரி நிக்கிற?"

"பீரை வேகவெச்சுட்டேன். முப்பத்தெட்டு டிகிரி."

"அவ்வளவுதானா?"

"கல்யாணத்துல எல்லாருக்கும் வார்னிஷ் ஊத்தப்போறோம், உனக்குச் சிரிப்பு வருது."

"மொதல்ல மோந்து பாரு."

மூடியைத் தூக்கி மூக்கை நுழைத்தான். ஆரஞ்சுத் தோல் வாசனை. இன்னொரு தரம் மோந்தான், அதே வாசனை.

"பாக்கெட் ஈஸ்ட்ல இது வராதே."

"வராது. சிவெர்ட் வீட்டு ஈஸ்ட்ல வரும்."

"என் கையாலதானே பிரிச்சு கப்புல கொட்டினேன்?"

"கொட்டின. கப்பு யார் கையில இருந்துச்சு? ஈஸ்ட் போடுறப்போ நீ என்ன பண்ணுவ?"

ஈஸ்ட் உள்ளே விழும்போது பீப்பாய் மேல் குனிந்து கத்த வேண்டும். கூச்சல் எவ்வளவு பெரிதோ, பீருக்கு அவ்வளவு வீரியம் என்பது அவர்கள் ஊர்ப் பள்ளத்தாக்கின் வழக்கம். எய்விந்த் கத்தினால் கழுத்து நரம்பு புடைக்கும், கண் இறுக மூடிக்கொள்ளும்.

"நீ கண்ணை மூடிக்கிட்டுக் கத்தின, நான் சிவெர்ட்கிட்ட வாங்கி வெச்சிருந்த கப்பைக் கவுத்தேன்" என்றாள் ராக்னா. "போன வருஷம் உன் பாக்கெட் பீரை எல்லாரும் மரியாதைக்குக் குடிச்சதை நான் பார்க்கலையா? அந்த ஈஸ்டுக்கு நல்ல சூடு வேணும், உனக்குத் தெரியாம அதை எப்படிக் கூட்டுறதுன்னுதான் முழிச்சுக்கிட்டு இருந்தேன். நீயே கூட்டிட்ட."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பாடா என்று பழைய டயர் மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"ஒரு வாய் ஊத்து, குடிச்சுப் பார்க்கிறேன்."

"கையை எடு. ஈஸ்ட் கொடுத்தவன்தானே மொதல்ல குடிக்கணும்?"

அதுவும் வழக்கம்தான், தட்ட முடியாது. ஒரு ஜாடியில் மொண்டுகொண்டு, சாய்ந்து கிடந்த தபால்பெட்டியைப் பார்க்காத மாதிரி தாண்டி, பனிக்குள் நடந்தான்.

சிவெர்ட் கதவைத் திறந்தான். ஒன்றும் கேட்காமல் ஜாடியை வாங்கிக் குடித்தான், நிறுத்தினான், மறுபடி குடித்தான்.

"நீ கத்தினது இங்க வரைக்கும் கேட்டுச்சு" என்றான் சிவெர்ட், மீசையைத் துடைத்தபடி. "அப்பவே நெனச்சேன். அருமையா வந்திருக்குப்பா."

எய்விந்த் ஜாடியைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

"அந்தத் தபால்பெட்டி..." என்று இழுத்தான் சிவெர்ட். "தப்பு என்னோடதுதான். இன்னைக்கே நட்டுடறேன்."

"தரை பாறையா உறைஞ்சு கிடக்கு. பனி உருகட்டும்" என்றான் எய்விந்த். "சனிக்கிழமை மொதல்ல கல்யாணத்துக்கு வந்து சேரு."