வெட்டாதே, கழற்று

நீள வண்டியை இனிமேல் செய்யப்போவதில்லை என்று கம்பெனி அறிவித்த அன்று டிங்கர் முதலில் அடித்தது தன் பட்டறையின் தகரக் கதவைத்தான். சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. கதவு உள்வாங்கிக்கொண்டது. அடுத்தவர் வண்டிகளில் விழும் பள்ளங்களைத் தட்டி நிமிர்த்திப் பிழைக்கிறவன், தன் கதவில் தானே ஒரு பள்ளத்தைப் போட்டுவிட்டு அதை முறைத்துக்கொண்டு நின்றான்.

நீள வண்டி ஒன்றும் வானத்திலிருந்து குதித்ததல்ல. சாதாரண கார்தான். ஆனால் அதன் கூரை பின்சீட்டோடு சரிந்து முடியாது. வால்வரைக்கும் ஒரே தகடாக நேராக ஓடும். பின்னால் மேல்நோக்கித் திறக்கிற பெரிய கதவு. சீட்டை மடித்துவிட்டால் ஒரு பீரோவையே படுக்கப்போட்டுக் கொண்டுபோகலாம். இத்தனை இருந்தும் ஓட்டினால் தரையோடு தரையாக, கார் மாதிரியே போகும். ஜனங்களுக்கு உயர வண்டிதான் பிடித்திருக்கிறது என்று கம்பெனிக்காரன் காரணம் சொன்னான். உயர வண்டி என்றாலே டிங்கருக்கு வயிறு எரியும். "ஏணி வெச்சு ஏறுறதெல்லாம் ஒரு வண்டியா? அது மச்சு வீடுய்யா!" என்பான்.

நீள வண்டி வைத்திருந்தவர்கள் ஒரு கூட்டமாகவே இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிங்கரின் பட்டறையில் கூடுவார்கள். வண்டிகளைக் கழுவுவார்கள், டீ குடிப்பார்கள், உயர வண்டிக்காரர்களை வாயாரத் திட்டுவார்கள். கூட்டத்துக்குத் தலைவர் பல் டாக்டர். ஈ எறும்புக்கும் நோகாமல் பேசுகிற மனிதர். அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. யாருடைய வண்டியாவது இனி ஓடாது என்று ஆகிவிட்டால் அது காயலான் கடைக்குப் போகக்கூடாது. டிங்கர் அதை ஒவ்வொரு நட்டாகக் கழற்றுவான். கதவு ஒருவருக்கு, கண்ணாடி ஒருவருக்கு, விளக்கு இன்னொருவருக்கு. வெட்டுகிற மிஷினை யாரும் கிட்டே கொண்டுவரக்கூடாது. வெட்டினால் அந்தப் பாகம் செத்தது, கழற்றினால் இன்னொரு வண்டியில் உயிரோடு இருக்கும் என்பார் டாக்டர். 'வெட்டாதே, கழற்று' என்று பட்டறைச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் எழுதியவரும் அவர்தான்.

இந்தப் பைத்தியங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவள் டிங்கரின் தங்கச்சி. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். சின்ன வயதில் அண்ணன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்துவிட்டு ஓடுவாள். அவனால் ஒருநாளும் அவளைப் பிடிக்க முடிந்ததில்லை. அவள் கட்டிக்கொண்டவனோ அதே கம்பெனியின் ஷோரூமில் உயர வண்டி விற்கிறவன். மாப்பிள்ளையும் மச்சானும் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் தங்கச்சிக்குச் சோறு இறங்காது.

அறிவிப்பு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் மொத்தமும் ஷோரூமுக்குக் கிளம்பியது. தங்கச்சியும் அண்ணன் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"நீ எதுக்கும்மா அங்க?"

"நீ என் புருஷனை அடிச்சா விசில் ஊத ஆள் வேணாமா?" என்று கழுத்தில் தொங்கிய விசிலைக் காட்டினாள்.

டிங்கர் சிரித்துக்கொண்டே போய், ஷோரூம் முற்றத்தில் மதில்சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தினான். வேறு யாரும் வந்து உரசிவிடக் கூடாதே என்று, அந்தப் பக்கத்துக் கதவு திறக்க முடியாத அளவுக்குச் சுவரோடு ஒட்டினான். முற்றத்தின் நடுவில் இரும்புச் சட்டங்களால் ஒரு சரிவு மேடை. அதன்மேல் புதிய உயர வண்டி, சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, மாலை போட்டு, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது.

மேனேஜர் வெளியே வந்தார். பல் டாக்டர் தன்மையாகத்தான் ஆரம்பித்தார். வண்டியை நிறுத்தினாலும் பாகங்களையாவது செய்யச் சொல்லுங்கள் என்றார். மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பல்லைக் காட்டினார்.

"எல்லாரும் அந்தப் பழசைக் குடுத்துட்டு இதை எடுத்துக்கோங்க சார். உங்களுக்குன்னா ஸ்பெஷல் தள்ளுபடி."

முதலில் பறந்தது பூந்தொட்டி. எறிந்தவர் சாட்சாத் பல் டாக்டர். ஷோரூமின் கண்ணாடி மேலிருந்து கீழாக மழை மாதிரி கொட்டியது. அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று கேட்காதீர்கள். காவலாளி தடியைச் சுழற்றினார். தடியைப் பிடுங்கி அவரையே சாத்தினார்கள். கூட்டத்தில் ஒருவரான வங்கி அதிகாரி மேனேஜரின் டையைப் பிடித்துத் தரையில் இழுத்தார். நாற்காலிகள் பறந்தன. கண்ணாடித் துண்டுகள் மேல் விழுந்தவன் கையெல்லாம் கிழிந்து எழுந்து, அந்தக் கையாலேயே அடுத்தவனை அறைந்தான்.

மாப்பிள்ளை இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு குறுக்கே வந்தான். "மச்சான், வேணாம். சொன்னா கேளுங்க."

"நீயும் இதை வித்துத்தானடா வயிறு வளக்கற!"

டிங்கர் விட்ட குத்து நேராக மூக்கில் இறங்கியது. உள்ளே எலும்பு நொறுங்கியது டிங்கரின் விரல்களுக்கே தெரிந்தது. மாப்பிள்ளை திருப்பி அடிக்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு முழந்தாளிட்டான். விரலிடுக்கில் ரத்தம் வழிந்து சட்டையை நனைத்தது. திருப்பி அடித்திருந்தால் டிங்கரின் வெறி அங்கேயே தீர்ந்திருக்கும். அடிக்காததுதான் இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

விசில் சத்தம் கேட்டது. அவன் காதில் வாங்கவில்லை.

ஓர் இரும்புக் கம்பியைத் தூக்கிக்கொண்டு மேடைப்பக்கம் பாய்ந்தான். உயர வண்டியின் விளக்கு போயிற்று, பக்கக் கண்ணாடி போயிற்று, கதவு கன்னம் ஒட்டிப்போயிற்று. எங்கே அடித்தால் ஒரு வண்டி அதிகம் சேதமாகும் என்று டிங்கருக்குச் சொல்லித்தர வேண்டுமா? கண்மண் தெரியாமல் அடித்தான். அடியில் வண்டி குலுங்க, சக்கரத்தின் கீழிருந்த கட்டை கண்ணில் பட்டது. வண்டி உருண்டு போய்ச் சுவரில் முட்டிச் சாகட்டும் என்று அதையும் ஓர் அடி அடித்தான். கட்டை தெறித்தது.

உயர வண்டி பின்பக்கமாக இறங்கியது. சரிவின் கடைசியில் முற்றம், முற்றத்தின் கடைசியில் மதில்சுவர், சுவரை ஒட்டி டிங்கரின் நீள வண்டி.

அதற்குள் தங்கச்சி இருந்தாள். உள்ளிருந்தே விசில் ஊதியவள், சண்டை முற்றுவதைப் பார்த்துவிட்டு, அண்ணன் வண்டியில் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று, அதை வெளியே எடுத்துவிட ஓட்டுநர் சீட்டுக்கு நகர்ந்திருந்தாள். அண்ணன் வண்டியிலேயே விட்டுப்போன சாவியைத் திருகிக்கொண்டிருந்தபோது உயர வண்டி அவள் பக்கக் கதவில் வந்து மோதியது. தகரம் மடங்குகிற சத்தமும் அவள் அலறியதும் ஒன்றாகக் கேட்டன. முற்றத்தில் அத்தனை பேரும் ஓங்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டார்கள்.

தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. உயர வண்டியைக் கயிறு கட்டி இழுத்தார்கள். ஓட்டுநர் பக்கக் கதவு கசங்கி உள்ளே போயிருந்தது. மறுபக்கம் சுவர். சீட்டுக்கும் முன்பலகைக்கும் நடுவில் தங்கச்சியின் வலது கால் சிக்கியிருந்தது. முகம் வெளுத்துப்போயிருந்தாலும் பேசினாள். தீயணைப்பு அதிகாரி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"தூண்களை வெட்டிக் கூரையைப் பிரிச்சிடுவோம். மேல வழியா எடுத்துடலாம்."

"வெட்டாதீங்க!"

கத்தியது டிங்கர். அவன் மட்டுமில்லை. பல் டாக்டரும், வங்கி அதிகாரியும், சட்டை கிழிந்த மற்றவர்களும் வண்டியைச் சுற்றி வந்து நின்றுகொண்டார்கள்.

"பின்கதவு வழியாப் போயி சீட்டைக் கழட்டினாப் போதும் சார்," என்றார் டாக்டர். "இவருக்கு இந்த வண்டியில எந்த நட்டு எங்க இருக்குன்னு கண்ணை மூடிட்டே தெரியும்."

தொழில் தெரிந்தவன், அதுவும் கூடப்பிறந்தவன். தீயணைப்பு அதிகாரி தயங்கினார். "சரி, சீக்கிரம். முடியலன்னா வெட்டிடுவேன்."

டிங்கர் ஸ்பேனரோடு பின்கதவு வழியே நுழைந்து தவழ்ந்தான். சீட்டின் அடியில் கையை விட்டான். பின்பக்கத்து நட்டுகள் வந்துவிட்டன. முன்னால் இருந்தவை நசுங்கிய தகட்டுக்குள் புதைந்திருந்தன. ரத்தத்தில் ஸ்பேனர் வழுக்கியது. யாருடைய ரத்தம் என்று அவன் பார்க்கவில்லை.

"அண்ணா, கால் மரத்துப்போச்சு."

"இதோ ஆச்சும்மா."

மறுபடி பொருத்தினான், மறுபடி வழுக்கியது. வெளியே அதிகாரி குரல் கொடுத்தார். கூட்டத்தினர் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அவரை மறித்துக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணா." குரல் இறங்கியிருந்தது. "வெட்டச் சொல்லுண்ணா."

"கூரை போனா வண்டியே போச்சும்மா. இனிமே அது கிடைக்காது. ஒரே ஒரு நட்டுதான், பொறுத்துக்க."

சொன்னான். அவன் வாயிலிருந்துதான் வந்தது. உடைந்த ஜன்னலுக்கு வெளியே நின்று மனைவியின் கையைப் பிடித்திருந்த மாப்பிள்ளையின் காதில் அது விழுந்தது.

அவன் பின்பக்கமாகச் சுற்றி வந்தான். மறித்தவர்களில் ஒருவரை வயிற்றில் உதைத்துத் தள்ளினான். டிங்கரின் இரண்டு கால்களையும் பிடித்து வெளியே இழுத்துத் தரையில் போட்டு, நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து முகத்திலேயே குத்தினான். காலையிலிருந்து திருப்பி அடிக்காதவன், எல்லாவற்றையும் சேர்த்து அடித்தான். தன் மூக்கிலிருந்து கொட்டிய ரத்தம் மச்சான் முகத்தில் விழ விழ அடித்தான். டிங்கரின் புருவம் கிழிந்தது, உதடு பிளந்தது.

"வெட்டுங்க சார்!" என்று அழுதுகொண்டே கத்தினான். "எல்லாத்தையும் வெட்டுங்க!"

வெட்டினார்கள். டீ ஆறுவதற்குள் கூரை பிரிந்து பின்பக்கமாக மடங்கியது. தங்கச்சியை அள்ளி எடுத்தார்கள். டிங்கர் தரையில் கிடந்தபடி, வீங்கிய ஒரு கண்ணால் அதைப் பார்த்தான்.

தங்கச்சியின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மோதியதால் மட்டும் போன கால் இல்லையாம். ரத்த ஓட்டம் நெடுநேரம் நின்றுவிட்டதாம். அவளை முன்னாலேயே வெளியே எடுத்திருந்தால் கால் பிழைத்திருக்கும் என்று டாக்டரம்மா டிங்கரின் முகத்துக்கு நேராகவே சொன்னார். போலீஸ் அவனைக் கொண்டுபோயிற்று, பிறகு ஜாமீனில் விட்டது. ஸ்டேஷனில் நாலு அடி அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு. ஒருவரும் தொடவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனான். உள்ளே போகக் கால் வரவில்லை. வராந்தாவிலேயே நின்றான். அங்கே பல் டாக்டர் பழப்பையோடு வந்தார். அவன் தோளைத் தொட்டார், கண் கலங்கினார், தங்கச்சியைப் பற்றி விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பின்கதவுல ஒரு கீறல்கூட இல்ல, பாத்தேன். என் வண்டிக்குக் கழட்டித் தருவீங்களா?"

டிங்கர் அவர் வாயிலேயே ஒரு குத்து விட்டான். பல் டாக்டரின் பற்கள் தரையில் உருண்டன. சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான், மறுபடி மோதினான். பழங்கள் சிதறி ஓடின. வார்டு ஆட்கள் வந்து அவனை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கும்வரை விடவில்லை. அந்த மனிதர் கேட்டுவிட்டார் என்பதற்காக மட்டும் வந்த கோபமில்லை அது. பின்கதவு தப்பித்தது என்று, வெட்டிய வண்டியைப் பார்த்தபோது அவனுக்கே ஒரு கணம் தோன்றியிருந்தது.

"யாரது அங்க? அண்ணனா?" உள்ளேயிருந்து தங்கச்சியின் குரல். "உள்ள வரச் சொல்லுங்க."

போனான். கட்டிலருகே மாப்பிள்ளை, மூக்கில் கட்டோடு உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை. போர்வைக்கு அடியில் ஒரு கால் நீண்டிருந்தது. இன்னொரு பக்கம் போர்வை தட்டையாகக் கிடந்தது.

"யாரை அடிச்ச?"

"பல் டாக்டரை."

"எதுக்கு?"

பொய் சொல்ல நாக்கு வரவில்லை. "பின்கதவைக் கேட்டார்."

தங்கச்சி அவனையே பார்த்தாள். அழுவாள், திட்டுவாள், முகத்தில் துப்புவாள் என்று நினைத்தான். எது செய்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றான்.

"குடு," என்றாள். "ஆனா கழட்டிக் குடுக்காத. வெட்டிக் குடு."

அன்று மாலையே பட்டறைக்குப் போனான். கூரை இல்லாத வண்டியைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். பின்கதவு மட்டும் புதுசு போல மின்னியது. பட்டறைக்குள் அதுவரை வராத வெட்டும் மிஷினை வாடகைக்கு எடுத்து வந்திருந்தான். கதவின் கீலருகே போனதும் கை பழக்கத்தில் ஸ்பேனரைத்தான் எடுத்தது. நட்டில் பொருத்தியும்விட்டது. அது வழுக்கவில்லை, வெண்ணெய் மாதிரி சுழன்றது.

அதைத் தூக்கிச் சுவரில் எறிந்தான். சிவப்பு எழுத்துகளின் மேல் பட்டு விழுந்தது. மிஷினை முடுக்கிக் கதவின் நட்டநடுவில் வைத்து அழுத்தினான். கண்ணாடி வெடித்து முகத்தில் அடித்தது, தகடு அலறியது. அதற்கும் மேலே டிங்கர் அலறினான்.