இருளாயி அளந்த மழை

மார்கழி வெள்ளம் வடிந்து ஐந்து மாதம் கழித்து, மலாயாவின் ஈப்போ நகரில் ஒரு மாநாடு கூட்டுவதென்று முடிவாயிற்று. மழை, காற்று, ஆறு, மண் ஆகியவற்றை ஆராய்கிறவர்கள் ஒரே மண்டபத்தில் கூடி, 1926ஆம் ஆண்டு வெள்ளம் ஏன் அப்படி வந்தது என்று கட்டுரை வாசிக்க வேண்டும். செயலாளர் ஒரு வெள்ளைக்காரச் சுரங்கப் பொறியாளர். அழைப்புக் கடிதங்களை எழுதி அனுப்பும் வேலை அவருடைய அலுவலகத்தின் தலைமை எழுத்தர், தலைமைக் கிராணி அருளம்பலத்தின் தலையில் விழுந்தது.

அருளம்பலம் யாழ்ப்பாணத்துக்காரர். எடுத்த வேலையைப் பாதியில் விடத் தெரியாத மனிதர். முப்பத்தெட்டுக் கடிதங்களைத் தானே தட்டச்சு செய்தார். செயலாளர் சொன்ன நிபந்தனை ஒவ்வொன்றிலும் இருந்தது: கருவியைத் தம் கையால் பார்த்து அளந்தவரே வந்து வாசிக்க வேண்டும், கேள்விப்பட்டதை எழுதி அனுப்ப வேண்டாம்.

பினாங்கிலிருந்து ஒரு வானிலை ஆய்வாளர் வருவதாக எழுதினார். கோலா கங்சாரில் ஆற்று மட்டம் பார்ப்பவரும், மண்சரிவு பற்றிப் படித்த இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கிந்தா ஆற்றின் மேற்பக்கம், மழை கொட்டித் தீர்த்த இடத்தில், எத்தனை அங்குலம் பெய்தது என்று சொல்ல ஆளில்லை. அந்த ஒரு எண் இல்லாமல் மற்றக் கட்டுரைகள் எல்லாம் அந்தரத்தில் நின்றன. தஞ்சோங் ரம்புத்தானுக்கு அப்பால் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தின் துரை மட்டும் இரண்டு வரி எழுதியிருந்தார்: 'எங்கள் மழைமானி நிரம்பி வழிந்துவிட்டது. அளவு இல்லை.'

அருளம்பலத்துக்கு அந்த இரண்டு வரி போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போய், மீதி தூரத்தை நடந்தே கடந்தார்.

தோட்டத்தில் மழைமானியைத் தினமும் காலையில் அளந்து சொல்கிறவள் இருளாயி என்ற, ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டுகிற பெண். நாற்பது வயதிருக்கும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு முன்னால் விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

"வழிஞ்சிருச்சுன்னு யாரு சொன்னா?" என்றாள் கோடரியைக் கீழே வைத்து. "வீணாப் போக விட்டிருவேனா? நெறைய நெறைய ஊத்தி அளந்தேன். தொரை அன்னைக்குப் பங்களாவ விட்டு எறங்கவே இல்ல. மறுநா சொன்னேன். அம்புட்டு மழை பெய்யாதுன்னு சொல்லி, வழிஞ்சிருச்சுன்னு எழுதிக்கிட்டாரு."

"எவ்வளவு எண்டு ஞாபகம் இருக்கோ?"

"ஞாபகம் என்னாத்துக்குங்க? வாங்க, காட்டுறேன்."

மேட்டில் இருந்த, ரப்பர் தாள் உலர்த்தும் புகைக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். கதவின் உட்பக்கம் கரிக்கோடுகள். ஒரு கண்ணாடிக் குழாய் நிறைந்தால் ஓர் அங்குலம், ஓர் அங்குலத்துக்கு ஒரு கோடு. பதினொரு கோடு, பக்கத்தில் ஓர் அரைக்கோடு. அருளம்பலம் இரண்டு முறை எண்ணிப் பார்த்தார்.

"நீர் ஈப்போவுக்கு வந்து இதைச் சொல்லவேணும்."

இருளாயி கதவுக்கு வெளியே வந்தாள். கீழே ஆற்றோரத்தைக் காட்டினாள். வெள்ளம் அடித்துப்போன பழைய லயம் இருந்த அதே இடத்தில் புதுத் தூண்கள் நட்டிருந்தார்கள்.

"அங்கதான் செல்லாயி பிள்ளையோட தண்ணியில போனா. மறுபடியும் அங்கயே கட்டுறாங்க. இது நூறு வருசத்துக்கு ஒருக்கா வர்ற வெள்ளம்னு தொரை சொல்றாரு. மழைய மட்டும் சொல்லுன்னா நான் வரல. இதையும் சொல்ல விட்டா வாரேன்."

"சொல்லும். நான் இங்கிலீசில சொல்லுறன்."

வாக்குக் கொடுப்பது சுலபமாக இருந்தது. திங்கட்கிழமை செயலாளர் முகத்தைப் பார்த்தபோதுதான் அதன் பாரம் தெரிந்தது. ஆராய்ச்சியாளர் பட்டியலில் ஒரு தோட்டக் கூலியா, எழுதப் படிக்கத் தெரியாதவளா என்று அவர் கேட்டார். அருளம்பலம் அழைப்புக் கடிதத்தின் நகலை மேசைமேல் வைத்து நிபந்தனையை விரலால் தொட்டுக் காட்டினார். "கையால் அளந்தவர் அந்தப் பக்கத்தில் இவர் ஒருவர்தான் ஐயா. வரவில்லையென்றால் அந்த எண்ணை விட்டுவிட வேண்டும்." செயலாளர் சுருட்டை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். பத்து நிமிடம், மழை அளவு மட்டும் என்று கடைசியில் எழுதிக் கொடுத்தார். அருளம்பலம் தாளை வாங்கிக்கொண்டார்; இருளாயிக்குக் கொடுத்த வாக்கை விட்டுவிடும் எண்ணம் அவருக்கு இல்லை.

தோட்டத் துரையால் மறுக்க முடியவில்லை. ஆனால் தோட்டத்தின் பெயரைச் சொல்லக் கூடாதென்றார். "எந்த ஊரு மழைன்னு சொல்லாம மழைய மட்டும் எப்புடிங்க சொல்றது?" என்று இருளாயி அவரிடமே கேட்டுவிட்டு வந்தாள்.

ஜூலை மாதம் மாநாடு. இருளாயி சாயம் போகாத ஒரே சேலையைக் கட்டிக்கொண்டு, அந்தக் கண்ணாடிக் குழாயைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். அருளம்பலம் பக்கத்தில் நின்றார். அவள் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வது அவர் வேலை. அவள் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள், எத்தனை தடவை ஊற்றினாள் என்று சொன்னாள், குழாயை உயர்த்திக் காட்டினாள்.

பினாங்கு ஆய்வாளர் எழுந்து, அளப்பதற்கு முன்பே கொஞ்சம் வழிந்திருக்காதா என்று கேட்டார்.

"வழிஞ்சா மானிக்கு வெளிய உள்ள தகர டப்பாவுலதான் நிக்கும். அதையும் ஊத்தி அளந்தேன். அதுதான் அந்த அரைக்கோடு."

ஆய்வாளர் தலையசைத்து எழுதிக்கொண்டார். மண்டபத்தில் பேனாக்கள் ஓடும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு இருளாயி நிறுத்தவில்லை. செல்லாயியைச் சொன்னாள், புதுத் தூண்களைச் சொன்னாள். "எட்டு வருசமா அளக்கிறேன். எட்டங்குலம் ரெண்டு தடவ பெஞ்சிருக்கு. ரெண்டு தடவையும் தண்ணி வாசப்படி வரைக்கும் வந்துச்சு. நூறு வருசம்னு யாரு அளந்து பாத்தா?"

செயலாளர் அருளம்பலத்தைப் பார்த்து இலேசாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று அர்த்தம். அருளம்பலத்தின் பதினாறு வருட உத்தியோகம் அந்தத் தலையாட்டலில் இருந்தது. அவர் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார்.

யாரும் கைதட்டவில்லை. ஆனால் ஆற்று மட்டம் பார்க்கிற கோலா கங்சார்க்காரர் அந்தத் தூண்கள் ஆற்றிலிருந்து எத்தனை அடி உயரம் என்று கேட்டார். பின்வரிசையில் இருந்த தோட்டத் துரை அளந்ததில்லை என்றார். அந்தக் கேள்வி அறிக்கையில் அச்சாயிற்று, தோட்டத்தின் பெயரோடு.

ஒரு மாதத்தில் அருளம்பலம் பத்து காஜா என்ற ஊரில் இருந்த கிளை அலுவலகத்துக்கு மாற்றப்பட்டார். சாதாரணக் கிராணியாக. மனைவி அம்பிகை இரண்டு நாள் கோபத்தில் பாத்திரங்களை உருட்டினாள். மூன்றாம் நாள், "செய்ததைச் செய்துபோட்டியள், பெட்டியைக் கட்டுங்கோ" என்றாள்.

அறிக்கை வந்தபின் துரை மேட்டில் கட்டத் தொடங்கினார்; செப்டம்பரில் அருளம்பலம் தோட்டத்துக்குப் போனபோது மேட்டில் மரங்களை வெட்டிப் பதினெட்டு வீடு எழும்பியிருந்தது. கீழே ஆற்றோரத்தில் ஆறு வீடு மட்டும் இன்னும் மேலே ஏறாமல் மிச்சம். அதில் ஒன்றின் வாசலில் இருளாயி உட்கார்ந்திருந்தாள்.

"உமக்கு மேல வீடு குடுக்கேல்லையோ?"

"மொதல்ல எனக்குத்தான் குடுத்தாங்க. எனக்குப் பதிலா வீரம்மாவ ஏறச் சொல்லிட்டேன். நான் ஏறிட்டா மிச்சப் பேர மறந்துருவாங்கய்யா. கடைசி வீடு ஏறட்டும், வாரேன்."

ஐப்பசி மழைக்கு முன்னால் அந்த ஆறு வீடுகளும் மேட்டுக்கு ஏறின, கடைசியாக இருளாயியுடையது.