பனி தொட்ட கன்னம்

கன்னமெல்லாம் பரு வந்ததிலிருந்து சத்தியவேட்டுத் தாட்சாயணி கூந்தலை முன்னால் தளரவிட்டு, குனிந்தே நடந்தாள். அம்மாவுக்குக் காய்ச்சல் தணிந்தால் முடி தருவதாக வேண்டிக்கொண்டதும் அவள்தான்.

அம்மா பிழைத்தாள். திருமலையில் மழித்தபின் தாட்சாயணி முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். எங்கும் பனிமூட்டம், அதில் ஆணும் பெண்ணுமாய் மொட்டைத் தலைகள் மிதந்தன. படியில் உட்கார்ந்திருந்த மொட்டைத்தலைப் பெண் ஒருத்தி பேச்சுக் கொடுத்தாள்.

"எந்த ஊரும்மா?"

பதில் சொல்லக் கையை எடுக்க வேண்டியிருந்தது. "சத்தியவேடு."

அந்தப் பெண் அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். "அது மெட்ராஸா, ஆந்திராவா?"

"போன வருசம் வரைக்கும் மெட்ராஸ் ராஜ்யம். எல்லையை மாத்திட்டு, இப்ப ஆந்திரான்னு சொல்லிக்கினு இருக்காங்க."

இருவரும் சிரித்தார்கள். நெடுநாளாய்க் காற்றே படாத கன்னங்களைக் குளிர்ந்த பனி மெல்லத் தொட்டது. தாட்சாயணி கண்ணை மூடி, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.